நிற்றலும் தடுத்தலும் தாங்குதலும்: இயக்கம் நிற்றலைக் குறிக்கும் சொற்களின் பொருள் வேறுபாடு

1. தோற்றுவாய்

குமணனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறநானூற்று 165ஆம் பாட்டு, நிலையில்லாத இவ்வுலகில் நிலைபெற எண்ணியோர் தம் புகழை நாட்டிவிட்டுத் தாம் மறைந்தனர் என்னும் கருத்தோடு தொடங்குகின்றது. ‘நாட்டி’ என ஈண்டு எழுதிய இடத்தில் புலவர் ஆண்ட சொல் ‘நிறீஇ’ என்பதாகும். சொல்லிசை அளபெடையாய் அமைந்த இவ்வினையெச்சத்தை ‘நிறுத்தி’ என வகுப்பில் விளக்கியபோது, முதுகலை மாணவர் ஒருவர், ‘புகழை நிறுத்தியவர் எவ்வாறு புகழால் நிலைபெறுவர்?’ என வினவினார். நிறுத்துதல் என்பதற்கு முடித்துவிடுதல் என்னும் ஒரு பொருளே அவர் நெஞ்சில் நின்றது. வினவியவர்பால் குறை இல்லை. ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லை மாற்றாக வைத்துவிட்டால் பொருள் விளங்கிவிடும் எனக் கருதிய எம் போன்றோர்பாலே குறை உண்டு. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஓடுவது, பாய்வது, பெய்வது, எழுவது ஆகிய இயக்கங்கள் நின்றுபோதலையும், அவற்றைப் பிறர் நிற்கச் செய்தலையும் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. நில், நிறுத்து, தடு, தகை, மறி, தாங்கு, தேக்கு, அடக்கு, கா, ஓய், தணி, தவிர் என்பன அவற்றுட் சில. நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தொகுத்துத் தருவன. திவாகரத்தின் பன்னிரு தொகுதிகளுள் ஒன்று செயல் பற்றிய பெயர்களுக்கென்றே அமைந்தது. செய்யுள் இயற்றுவார்க்கும் பழம்பாட்டுப் பயில்வார்க்கும் இம்முறை பெருந்துணையாயிற்று. ஆயினும் ஒருங்கு வைக்கப்பட்ட சொற்கள் ஒன்றற்கொன்று வேறுபடும் திறத்தைக் கூறுதல் நிகண்டின் வேலையன்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழக அகராதி பொருள்களைப் பிரித்து எண்ணிட்டு மேற்கோளும் காட்டி, இத்துறையில் பெருந்தொண்டு புரிந்தது. எனினும் தகைத்தல், மறித்தல், தாங்குதல் ஆகியவற்றைத் தனித்தனியே தேடிச் செல்லும் மாணவன் ஒவ்வோரிடத்தும் ‘தடுத்தல்’ என்னும் ஒரே சொல்லைக் காண்கின்றான். அவ்வளவில் இம்மூன்றும் ஒன்றே எனத் துணிந்துவிடுகின்றான்.

இச்சொற்களை வேறுபடுத்த மூன்று வினாக்கள் துணைசெய்யும். நிறுத்துவது இயங்குபொருள் தானோ, பிறிதொன்றோ என்பது முதல் வினா. இயக்கத்தில் இருந்த விசை என்ன ஆயிற்று என்பது இரண்டாவது. அவ்வியக்கம் மீண்டும் தொடங்குதல் கூடுமோ என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாம் வினாவே பெரிதும் பயன்படுவது என்பதும், பழஞ்செய்யுட்களின் நுட்பம் பல அதனைக் கேளாமையால் மறைந்து கிடக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. நிற்றலும் நிறுத்தலும்

நில் என்பது திராவிட மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான அடி. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் அது வழங்குகின்றது. தமிழில் இதன் பொருட்பரப்பு வியப்பிற்குரியது. ‘மழை நின்றது’ என்றால் மழை இல்லையாயிற்று என்பது பொருள். ‘புகழ் நின்றது’ என்றால் புகழ் அழியாது உளதாயிற்று என்பது பொருள். ஒரே வினை ஓரிடத்தில் இன்மையையும் மற்றோரிடத்தில் உண்மையையும் உணர்த்துவது எங்ஙனம்?

நில் என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள், இடம் பெயராது ஓரிடத்து ஊன்றியிருத்தல். மழைக்கும் ஓட்டத்திற்கும் இயக்கமே உயிர். இயக்கம் அற்றவிடத்து அவை இல்லையாகின்றன. புகழும் அறமும் இயக்கத்தால் உளவாவன அல்ல. அவை ஊன்றியிருத்தலாலேயே உளவாவன. ஆதலின் சொல் மாறவில்லை. சொல்லுக்கு எழுவாயாய் வந்த பொருளின் இயல்பே மாறிற்று. திருக்குறளின் 34ஆம் அதிகாரம் நிலையாமை எனப் பெயர் பெற்றதும் இதனாலேயே. அங்கு நில்லாமை என்பது அழிவு. நிற்றல் என்பது வாழ்வு.

நிறுத்துதல் இதன் பிறவினை. ஊன்றி நிற்கச் செய்தல் என்பதே அதன் முதற்பொருள். தூணை நிறுத்துதல், கொடியை நிறுத்துதல், தேர்தலில் ஒருவரை நிறுத்துதல் என்பவற்றில் எவ்வியக்கமும் முடிவதில்லை. பொருளை எடையிடுதற்கும் நிறுத்தல் என்றே பெயர். துலாக்கோலின் அசைவு அடங்கி நா நேர் நிற்கும் நிலையை எண்ணினால் அவ்வழக்கின் பொருத்தம் விளங்கும். ஆகவே ‘நிறீஇ’ என்பதற்கு நிறுத்தி எனப் பொருள் கூறியது பிழையன்று. நிறுத்துதலின் முதற்பொருள் இது, வழிப்பொருள் இது எனக் கூறாமல் விட்டதே பிழை.

3. தடுத்தல், மறித்தல், தாங்குதல்

இயங்கும் ஒன்றைப் பிறிதொன்று குறுக்கே நின்று செல்லவொட்டாது செய்தல் தடுத்தல். தடை, தடுப்பு என்பன இதன்வழிப் பிறந்த பெயர்கள். இச்சொல், எதிர்ப்பட்ட விசை பின்னர் என்ன ஆயிற்று என்பதனைக் கூறுவதில்லை. அப்பொதுமையால்தான் பிற சொற்களுக்கெல்லாம் உரைகூறும் சொல்லாக இது எளிதில் வந்தமர்கின்றது. பொதுச்சொல் சிறப்புச்சொல்லுக்கு உரையாகலாம், ஆனால் ஈடாகாது.

மறித்தல் என்பதன் தன்வினை மறிதல். திரும்புதல், மீளுதல் என்பன அதன் பொருள்கள். அலை மறிதல் என்னும் வழக்கை நோக்குக. எனவே மறித்தல் என்பது வெறுந்தடையன்று. வந்தவழியே திரும்பச் செய்யும் தடை. 1921இல் ஈரோட்டில் நிகழ்ந்த கள்ளுக்கடை மறியலை எண்ணிப் பார்ப்போம். கடைக்கு வருவோரைத் திருப்பி அனுப்புதலே அதன் நோக்கம். மறியல் என்னும் பெயர் அச்செயலுக்கு முற்றும் பொருந்தியது. ஈழத்தில் இதே அடி வேறொரு திசையில் வளர்ந்தது. அங்கு மறியல் என்பது சிறையைக் குறிக்கும். வழக்கு விசாரணைக்காகக் காவலில் வைத்தலை விளக்கமறியல் என அந்நாட்டு நீதிமன்ற வழக்கு கூறும். ஈங்கு மக்கள் சாலையை மறிக்கின்றனர். ஆங்கு அரசு ஆளை மறிக்கின்றது. ஒரு மொழியினர் இருவேறு நாடுகளில் ஒரே அடியைக் கொண்டு எதிரெதிர்ப் பக்கங்களை அடைந்த இவ்வரலாறு தனியே ஆராயத்தக்கது.

தகைத்தல் என்பதில் கட்டி வளைத்து நிறுத்தும் குறிப்பு உண்டு. அரணையும் மாளிகையின் கட்டினையும் தகைப்பு எனச் சங்கச் செய்யுட்கள் குறிப்பதனால் இது பெறப்படும். ஆணையிட்டுத் தடுத்தலையும் இச்சொல் குறிக்கும். கல்லால் ஆகிய சுவர் புறத்தை வளைப்பதுபோலச் சொல்லால் ஆகிய ஆணை மனத்தை வளைத்து நிற்கின்றது.

இனித் தாங்குதலுக்கு வருவோம். தொல்காப்பியப் புறத்திணையியல் வஞ்சித்திணைக்குரிய துறைகளைக் கூறுமிடத்து, மேல்வரும் பகைப்படையை வீரன் ஒருவன் தனித்து நின்று எதிர்கொள்ளும் பெருமையையும் ஒரு துறையாக வைக்கின்றது. விசையோடு வரும் வெள்ளத்திற்கு எதிரே நிற்கும் கற்சிறை அவனுக்கு உவமை. அவ்விடத்து ஆசிரியர் ஆண்ட வினை தாங்குதல். வகுப்பறைகளில் இதனைப் ‘படையைத் தடுத்த பெருமை’ என்றே பலரும் கூறிச் செல்கின்றோம். பொருள் அவ்வளவுதானா?

‘அடியைத் தடுத்தான்’, ‘அடியைத் தாங்கினான்’ என்னும் உலக வழக்குகளை ஒப்பிட்டு நோக்குக. தடுத்தவன் உடலில் அடி படவில்லை. தாங்கியவன் உடலில் பட்டது. பட்டும் அவன் வீழவில்லை. வந்த விசையைத் தன்மேல் ஏற்றுச் சுமந்து நிற்றலே தாங்குதல். பாரத்தைத் தாங்குதல், துயரத்தைத் தாங்குதல் என்னும் வழக்குகளிலும் இப்பொருளே உள்ளது. கற்சிறை வெள்ளத்தை விலக்குவதில்லை. அதன் மோதல் முழுவதையும் தன் உடலில் ஏற்கின்றது. வீரன் நிலையும் அதுவே. படையைத் தடுத்தலைப் பொறியாலும் மதிலாலும் செய்தல் கூடும். தாங்குதல் ஓர் உடலும் உரனும் உள்ளவனுக்கே இயல்வது. துறையின் பெயரில் பெருமை என்னும் சொல் இடம்பெற்ற காரணமும் இதனால் விளங்கும். தடுத்தல் என உரைத்தால் நிகழ்ச்சி புலப்படும், பெருமை புலப்படாது.

4. சிறை, நிறை, காப்பு

மேற்கூறிய கற்சிறையில் உள்ள சிறை என்னும் சொல் நீரைத் தடுக்கும் கரையையும் அணையையும் குறித்தது. பின்னர் மாந்தரைத் தடுத்து வைக்கும் காவலுக்கும் பெயராயிற்று. வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தில் (57) வள்ளுவர் சிறையால் காக்கும் காப்பையும் நிறையால் காக்கும் காப்பையும் எதிர்வைத்து, முன்னதனால் பயனில்லை, பின்னதே தலைசிறந்தது என முடிவு கூறுகின்றார். மதிலும் வாயில் காவலும் முதலாயினவற்றைச் சிறை எனவும், நெஞ்சினை நெறியில் நிறுத்துதலை நிறை எனவும் பரிமேலழகர் விளக்குவர்.

இவ்வுரையில் நிறுத்துதல் வந்த இடம் கருதத்தக்கது. நெஞ்சின் இயக்கத்தை முடித்துவிடுதல் அன்று அவர் கருத்து. நெறியினின்று வழுவாது அதனை ஊன்றி நிற்கச் செய்தலே. சிறை, விசைக்குப் புறத்தே நிற்பது. நிறை, விசை தோன்றும் இடத்திலேயே உள்ளது. மகளிர்க்குப் புறக்காவல் வேண்டும் என நினைத்தோர்க்கு வள்ளுவர் கூறிய மறுப்பின் வலிமை, இவ்விரு சொற்களின் வேறுபாட்டிலேதான் அடங்கியுள்ளது. இரண்டனையும் காவல் எனப் பொதுமையில் மொழிந்தால் மறுப்பே இல்லையாகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். சிறை, நிறை என்பன எதுகை நோக்கி வந்த சொற்கள் அல்லவோ என வினவலாம். எதுகை நோக்கியும் வந்தன என்பதனை மறுத்தற்கில்லை. ஆயினும் எதுகை பல சொற்களுக்கு இடந்தரும்; அவற்றுள் பொருளுக்கு ஏற்றதனைத் தெரிந்தெடுத்தல் புலவன் செயல். யாப்பு ஒரு சொல்லை வேண்டியது என்பதனால் அச்சொல் பொருளற்றதாகிவிடாது. பொருளின்றிச் சொல் இல்லை என்பது தொல்காப்பியர் கோட்பாடு ஆதலும் காண்க. மற்றொரு தடையும் உண்டு. நிறையழிதல் அதிகாரத்தின் முதற்குறளில் (1251) நிறையே நாணமாகிய தாழிட்ட கதவாகக் கூறப்படுகின்றது. அஃதாயின் நிறையும் புறத்தடையே அன்றோ? கதவு எனினும் அது தலைவியின் நெஞ்சகத்துக் கதவு, தாழும் அவளுடையது, அதனை உடைக்கும் காமமாகிய கோடரியும் அவளுள்ளத்தே தோன்றியது. எனவே உருவகம் புறத்தினின்று எடுத்துக்கொள்ளப்பட்டதே அன்றிப் பொருள் புறத்ததன்று.

காத்தல் என்னும் சொல்லும் இவ்வினத்தைச் சார்ந்தது. வெகுளாமை அதிகாரத்து முதற்குறளில் (301) சினத்தைக் காத்தல் பேசப்படுகின்றது. அதற்குப் பரிமேலழகர், சினம் பலிக்கும் இடத்து அதனை எழாமல் தடுத்தல் என்பதுபடப் பொருள் கூறினார். ‘எழாமல்’ என அவர் சேர்த்த சொல் அவரது நுண்மையைக் காட்டும். எழுந்தபின் நிறுத்துதல் அன்று, எழும் இடத்திலேயே அடங்கச் செய்தல் என்பதனை அது உணர்த்துகின்றது. ஆயினும் காத்தல் என்பதனைத் தடுத்தல் என மாற்றிக்கொண்டு, அதே அதிகாரத்து ஐந்தாம் குறளுக்குச் (305) சென்றால் இடர்ப்பாடு தோன்றும். தன்னைக் காக்க விரும்புவோன் சினத்தைக் காக்கவேண்டும் என அக்குறள் கூறுகின்றது. ஒரே வினை ஒரே தொடரில் ஓம்புதற்பொருளிலும் அடக்குதற்பொருளிலும் வந்துள்ளது. ‘தன்னைத் தடுக்க விரும்புவோன்’ என மாற்றினால் கருத்துச் சிதையும். ‘சினத்தைத் தடுக்க’ என மட்டும் மாற்றினாலோ இரு காப்பிற்கும் உள்ள உறவு அறுபட்டுவிடும். ஒன்றைக் காத்தலாலேயே மற்றொன்று காக்கப்படுகின்றது என்பதன்றோ அக்குறளின் உயிர்?

5. அடக்குதல்

ஐம்பொறிகளின் இயக்கத்தை நிறுத்துதலை வள்ளுவர் இருவேறு உவமைகளால் கூறுகின்றார். நீத்தார் பெருமையில் (24) பொறிகள் யானைகளாகவும் உள்ளத்து உரன் அவற்றை அடக்கும் தோட்டியாகவும் வருகின்றன. அங்கு வினை காத்தல். அடக்கமுடைமையில் (126) உவமை ஆமை. அங்கு வினை அடக்குதல். பொருள் ஒன்றே எனக் கருதிக் கடந்துவிடுதல் எளிது. வினைகளை மாற்றி வைத்துப் பார்த்தால் அவற்றின் பொருத்தம் புலப்படும்.

யானையைப் பாகன் தோட்டியால் அடக்குவது அதன் வலிமையை அழித்தற்கன்று. வலிமை குன்றாது, தான் வேண்டிய வழியில் அதனைச் செலுத்துதற்கே. ஆதலின் காத்தல் எனப்பட்டது. ஆமைக்குப் பாகனும் இல்லை, தோட்டியும் இல்லை. தன் உறுப்புக்களைத் தானே தன்னுள் ஒடுக்கிக்கொள்கின்றது. புறத்தே சென்றது அகத்தே மீண்டது. அறுபட்டதும் இல்லை, அழிந்ததும் இல்லை. வேண்டும்போது மீண்டும் நீட்டிக்கொள்ளலாம். இதுவே அடக்குதலின் பொருள். அடக்கம் என்னும் பெயர் பணிவுக்கும் பெயரானது இதனாலேயே என்க. ஆற்றல் இல்லாதவன் அமைந்திருத்தல் அடக்கமாகாது. உள்ளதனை உள்ளே வைத்திருத்தலே அடக்கம்.

பிசிராந்தையார் தாம் நரையின்றி வாழும் காரணங்களைக் கூறும் புறநானூற்று 191ஆம் பாட்டில், தம் ஊர்ச் சான்றோரைக் குறிக்குமிடத்து நற்குணங்களால் நிறைதல், பணிதல், அடங்குதல் என மூன்றையும் அடுக்கிக் கூறுகின்றார். அவற்றைப் பழைய உரைகாரர் ஒன்றாக்காது, பணிவு வேறு, புலனடக்கம் வேறு எனப் பிரித்துப் பொருள் கொண்டமை நமக்கு நல்வழிகாட்டியாகும்.

6. தேங்குதல், ஓய்தல், தவிர்த்தல்

நீரியக்கம் பற்றிய சொற்கள் உழவர் வழக்கில் இன்றும் வேறுபாடு குன்றாமல் வாழ்கின்றன. தேக்குதல் என்பது விசையைத் தடுத்து ஓரிடத்தே பெருகச் செய்தல். கல்லணையும் மேட்டூர் அணையும் அணை என்றே வழங்கப்பெறினும், முன்னது பெரிதும் நீரைப் பிரித்துச் செலுத்த அமைந்தது. 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட பின்னது தேக்கிவைக்க அமைந்தது. நீர்த்தேக்கம் என்னும் பெயர் மேட்டூருக்குப் பொருந்தும், கல்லணைக்குப் பொருந்தாது. தேங்கியது பெருகும், பெருகியது உடைக்கும். ஆதலின் ‘வழக்குகள் நிலுவையில் உள்ளன’ என்பதற்கும் ‘வழக்குகள் தேங்கிவிட்டன’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது நிலையைக் கூறுகின்றது. பின்னது பெருக்கத்தையும் அதனால் விளையும் இடரையும் கூறுகின்றது.

ஓய்தல் இதற்கு நேர்மாறானது. விசை தானே தேய்ந்து அறுதல் ஓய்தல். தொல்காப்பிய உரியியல் இச்சொல்லை ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்பவற்றோடு சேர்த்து, முன்பு இருந்ததே சுருங்கி நுணுகுதல் என்னும் பொருட்கு உரியதாக்குகின்றது. இன்றைய பேச்சு வழக்கும் இதனைப் போற்றிவருகின்றது. மழை ஓய்ந்தது என்றால் பெய்தது சிறுகிச் சிறுகி அற்றது என்பது கருத்து. மழை நின்றது என்பதில் அச்சிறுகுதல் குறிக்கப்படவில்லை. மழை விட்டது என்பதில் மழையின் பிடியினின்று மக்கள் விடுபட்ட குறிப்பு உண்டு. மழை வெறித்தது என்பதிலோ வானம் வெளிவாங்கிய தோற்றமே முதன்மை பெறுகின்றது. எழுத்தறியா முதியோர் இடமறிந்து ஆளும் இந்நான்கனையும் கற்றார் ‘மழை நின்றது’ என்பதனுள் அடக்கிவிடுவது கல்வியின் பயன் ஆகாது.

தவிர்த்தல் என்பதன் வரலாறும் குறிக்கத்தக்கது. இன்று விலக்கி ஒழுகுதல் என்னும் பொருளில் அது வழங்குகின்றது. முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்னும் சிறப்புப்பெயர் உண்டு. இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றினால், சுங்கம் செலுத்தாது தப்பிய சோழன் என நகைப்பிற்கிடமாய் முடியும். நடந்துவந்த ஒன்றை இனி இல்லையாகுமாறு நீக்குதலே ஆண்டுப் பொருள். ‘நிறுத்திய’ எனக் கூறாது ‘தவிர்த்த’ எனக் கூறியமையால் மீண்டும் தொடங்குதற்கு இடமின்மை பெறப்படுகின்றது.

7. இக்கால வழக்கு

இக்காலத்தில் நிறுத்தம் என்னும் ஒரு சொல்லே வேலைநிறுத்தம், போர்நிறுத்தம், பேருந்து நிறுத்தம் எனப் பல துறைகளிலும் பரவியுள்ளது. இதனைக் கேடு என ஒருதலையாகக் கூறுதல் பொருந்தாது. வேலைநிறுத்தத்தில் வேலை முடிவதில்லை. வேண்டுகோள் நிறைவேறுங்காறும் இடையே நிற்கின்றது. இலங்கையில் 2002ஆம் ஆண்டு கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாடு 2008இல் முடிவுற்றபின் போர் வெளிப்படையாகத் தொடர்ந்தது. நின்றது போர், ஓய்ந்தது அன்று. இப்பெயர்களில் நில் என்னும் அடியின் பொருள் வழுவின்றி அமைந்திருத்தலை உணரலாம்.

மேலும், பண்டு வேறுவேறு அடிகளால் உணர்த்திய சிலவற்றை இக்காலத் தமிழ் துணைவினைகளால் உணர்த்துகின்றது. நிறுத்திவைத்தான் என்றால் மீண்டும் தொடங்கும் எதிர்பார்ப்பு உண்டு. நிறுத்திவிட்டான் என்றால் அவ்வெதிர்பார்ப்பு இல்லை. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது என்பதற்கும் நீக்கப்பட்டது என்பதற்கும் உள்ள தொலைவு, சிறையிலிருப்பவனுக்குச் சொல்லாராய்ச்சியன்று, வாழ்வு. எனவே மொழி வறுமையுற்றது எனப் புலம்புதற்கு இடமில்லை. நம் மூன்றாம் வினாவிற்கு இக்கால மொழி நன்கு விடைதருகின்றது. இரண்டாம் வினாவாகிய, விசை என்ன ஆயிற்று என்பதற்குத்தான் துணைவினைகளால் விடை கூற இயலவில்லை. தாங்கினான், மறித்தான், அடக்கினான், தேக்கினான் என்னும் வினையடிகளே அதனைக் கூறவல்லன. அவற்றை இழப்பின் அவ்விடத்தை நிரப்ப வேறு கருவி இல்லை.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இயக்கம் நிற்றலைக் குறிக்கும் சொற்கள் விசையின் முடிவு பற்றி வேறுபடும் என்பது பெறப்பட்டது. தடுத்தல் அதன் முடிவைக் கூறாது. மறித்தல் அதனைத் திருப்பும். தாங்குதல் தன்மேல் ஏற்கும். தேக்குதல் பெருகச் செய்யும். அடக்குதல் உள்ளே மீட்கும். காத்தல் நற்பயனுக்காக ஓம்பும். ஓய்தலில் அது தேய்ந்தறும். நிற்றலில் ஓரிடத்து ஊன்றும். வேறு செய்யுட்களை நோக்குவார்க்கு இப்பாகுபாட்டில் திருத்தவேண்டுவன தோன்றுதல் கூடும். அத்திருத்தங்கள் வரவேற்கத்தக்கனவே.

பாடஞ்சொல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். தாங்குதல் என்பதற்குத் தடுத்தல் எனப் பொருள் எழுதுமிடத்து, ‘தன்மேல் ஏற்று’ என்னும் இரு சொற்களைக் கூட்டி எழுதுவோமாக. மறித்தல் என்பதற்குத் ‘திரும்புமாறு’ என்னும் ஒரு சொல்லைக் கூட்டுவோமாக. ‘நிறீஇ’ என்பதற்கு ‘நிலைபெற நாட்டி’ என எழுதியிருப்பின் அன்று அம்மாணவர்க்கு ஐயம் எழுந்திராது. அவ்வையம் எழுந்ததும் நன்றே ஆயிற்று. அதனை அவர் கேளாதிருந்தால், புகழை நிறுத்தியவர் என்பதனை முடித்தவர் எனவே கொண்டு தேர்வும் எழுதிச் சென்றிருப்பார்.